மின்வலையமைப்புக்கு எந்தத் தகவல்தொடர்பு நெறிமுறை? மோட்பஸ், டிஎன்பி3, 104, 61850 – ஓர் ஒப்பீடு

ஒரு துணைமின் நிலையத்தைப் புதுப்பிக்கும்போதும், பீடர் (நிலையத்திலிருந்து ஊர்களுக்குப் போகும் மின்தடம்) தானியக்கத்துக்காகக் கம்பங்களில் ஆர்டியூ (களத்தின் நிலையை மையத்துக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் கட்டளையை நிறைவேற்றும் கருவி) பொருத்தும்போதும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஒரு வரி எழுதியாக வேண்டும்: தகவல்தொடர்பு நெறிமுறை எது? அந்த வரி அடுத்த பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பராமரிப்புக் குழுவின் தலையில் உட்கார்ந்திருக்கும். ஆனாலும் பல இடங்களில் "எது புதியது", "எது வேகமானது" என்று பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இணைப்பு அறுந்து, சில மணி நேரம் கழித்து மீண்டும் வந்தால், இடையில் நடந்ததெல்லாம் கட்டுப்பாட்டு மையத்துக்கு வந்து சேருமா? எந்த பிரேக்கர் (பழுதின்போது மின்சுற்றைத் துண்டிக்கும் சுவிட்ச்) எந்த மில்லிவினாடியில் திறந்தது என்ற விவரத்தோடு சேருமா? இணைப்பு நன்றாக இருக்கும்போது எல்லா நெறிமுறையும் நல்ல நெறிமுறைதான். அது அறும்போதுதான் வேறுபாடு வெளியே தெரியும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். மோட்பஸ், டிஎன்பி3, ஐஇசி 60870-5-104 (சுருக்கமாக 104), ஐஇசி 61850 என்ற நான்கு நெறிமுறைகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை அல்ல. ஒரு பேனலுக்குள் ஓடும் சில மீட்டர் கம்பி, ஒரு நிலையத்துக்குள், பழுதைக் கண்டறிந்து பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் ரிலேக்களுக்கு இடையே உள்ள வலை, நிலையத்திலிருந்து கட்டுப்பாட்டு மையம் வரை போகும் நெடுந்தொலைவுப் பாதை என்று மூன்று தூரங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் முடிவு தனி. மூன்றுக்கும் ஒரே நெறிமுறை என்று அடம்பிடிப்பதில்தான் பெரும்பாலான செலவு வீணாகிறது.

மோட்பஸ்: எதற்குப் போதும், எங்கே போதாது

1979இல் மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்காக) உருவாக்கியது இது. 16 பிட் எண்களை வைக்கும் ரெஜிஸ்டர்கள், திற/மூடு போன்றவற்றுக்கு ஒற்றை பிட் காயில்கள், மாஸ்டர் (கேள்வி கேட்கும் முனை) கேட்டால் பதில். அவ்வளவுதான். நேரக்குறி கிடையாது. மதிப்பு நம்பத்தக்கதா என்று சொல்லும் தரக்குறி கிடையாது. ஒரு நிலை மாறினால் தானாகச் சொல்லும் வழியும் கிடையாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளைவு புரியும். 9600 பிட் வேகத்தில் ஓடும் ஆர்எஸ்-485 கம்பியில், ஒரே கேள்வியில் அதிகபட்சம் 125 ரெஜிஸ்டர்களைப் படிக்கலாம். கேள்வி 8 பைட், பதில் 255 பைட். பாரிட்டியோடு சேர்த்து ஒரு பைட்டுக்கு 11 பிட் என்றால் 2893 பிட், அதாவது 0.3 வினாடி. சாதனம் யோசிக்கும் நேரம் இதில் சேரவில்லை. அதே கம்பியில் 20 சாதனங்கள் இருந்தால் ஒரு சுற்று முடிய 6 வினாடிக்கு மேல். ஒரு பிரேக்கர் ட்ரிப் ஆகி (பழுதால் தானே திறந்து) ஒரு வினாடிக்குள் தானியங்கி மறுமூடல் நடந்துவிட்டால், மாஸ்டர் அடுத்த முறை கேட்கும்போது பிரேக்கர் மூடியே இருக்கும். நடந்தது எங்கேயும் பதிவாகாது.

ஆகவே பாதுகாப்பு ரிலேக்களின் நிகழ்வுகளுக்கு மோட்பஸை வைக்கவே கூடாது. பேட்டரி சார்ஜர், மின்மாற்றியின் வெப்பநிலைக் காட்டி, ஆற்றல் மீட்டர் போன்ற மெதுவாக மாறும் அளவுகளுக்கு இது நிறைவாகவே போதும். மலிவு, எளிமை, எந்தக் கருவியிலும் கிடைக்கும். அந்த எளிமையை இழிவாகப் பார்க்க வேண்டியதில்லை.

களத்தில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் மூன்றே வகை. கையேட்டில் 40001 என்று எழுதியிருப்பது கம்பியில் முகவரி 0 ஆகப் போகும். அந்த ஒன்றைக் கழிக்க மறந்தால் எல்லா அளவும் ஓரிடம் நகர்ந்து தெரியும். அடுத்தது, 32 பிட் எண்ணின் இரு பாதிகளில் எது முதலில் வரும் என்பதை நெறிமுறை வரையறுக்கவில்லை. அதிர்வெண்ணைப் படித்துப் பார்ப்பது நல்ல சோதனை: 50.0 என்ற மிதவைப் புள்ளி எண் பதினறும வடிவில் 4248, 0000 என்ற இரு ரெஜிஸ்டர்களாக வர வேண்டும். 0000, 4248 என்று வந்தால் வரிசை தலைகீழ். மூன்றாவது கம்பியே: இரு முனையிலும் 120 ஓம் முடிப்பு மின்தடை வேண்டும். ஒவ்வொரு சாதனத்திலும் சுவிட்சைத் தட்டி மின்தடையைச் சேர்த்துவிட்டால் டிரைவர் திணறும், நள்ளிரவில் மட்டும் வரும் சிஆர்சி பிழைகள் (செய்தி சிதைந்ததைக் காட்டுபவை) தொடங்கும்.

நிலையத்திலிருந்து கட்டுப்பாட்டு மையத்துக்கு: டிஎன்பி3 அல்லது 104

உண்மையான தேர்வு இங்கேதான். டிஎன்பி3 1993இல் வெஸ்ட்ரானிக் நிறுவனத்திடமிருந்து வந்து பொதுவுக்குத் திறக்கப்பட்டது. ஐஇஇஇ அதை 2010இல் 1815 என்ற தரநிலையாக்கி, 2012இல் திருத்தி வெளியிட்டது. ஐஇசி 60870-5-101 என்ற சீரியல் நெறிமுறை 1995இல் வந்தது, அதையே டிசிபி/ஐபி மேல் ஓட்டும் 104 வடிவம் 2000இல். வட அமெரிக்காவில் டிஎன்பி3, ஐரோப்பாவில் 104 என்று வழக்கம் பிரிந்திருக்கிறது. உள்ளூர் அனுபவம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் ஒரு கனமான காரணம். கோளாறு வரும்போது அதிகாலை மூன்று மணிக்குப் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவர் யார் என்பதைப் பொறுத்தே சீர்செய்யும் நேரம் அமையும்.

இனி இணைப்பு அறும் கேள்வி. டிஎன்பி3 நிகழ்வுகளை வகுப்பு 1, 2, 3 எனப் பிரித்து ஆர்டியூவிலேயே பஃபரில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்துக்கொள்கிறது. மாஸ்டர் "பெற்றேன்" என்று பயன்பாட்டு அடுக்கில் உறுதி செய்யும் வரை அழிக்காது. ஒவ்வொரு நிகழ்வோடும் 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிவினாடி 48 பிட் நேரக்குறியாகப் போகும். இது நெறிமுறையின் எலும்புக்குள்ளேயே இருக்கும் குணம். 104இலும் 7 பைட் நேரக்குறி உண்டு, பெற்றதற்கான ஒப்புகையும் உண்டு. ஆனால் இணைப்பு இல்லாத நேரத்தில் எத்தனை நிகழ்வுகளை எப்படிச் சேமிப்பது என்பதைத் தரநிலை சாதனத் தயாரிப்பாளரின் கையில் விட்டுவிடுகிறது. சில ஆர்டியூக்கள் ஆயிரக்கணக்கில் சேமிக்கும். சில, மீண்டும் இணைந்ததும் பொது விசாரணைக்கு (எல்லாப் புள்ளிகளின் நிலையையும் மையம் மொத்தமாகக் கேட்கும் கேள்விக்கு) இப்போதைய நிலையை மட்டும் சொல்லிவிட்டு அமைதியாக இருந்துவிடும். 104ஐத் தேர்ந்தால் ஒப்பந்தப்புள்ளியில் பஃபரின் அளவையும் மீளனுப்பும் முறையையும் எண்ணால் எழுதியே ஆக வேண்டும்.

டிஎன்பி3இலும் பஃபர் வானத்திலிருந்து விழாது. 40 அனலாக் அளவுகள், ஒவ்வொன்றும் சராசரியாக 5 நிமிடத்துக்கு ஒரு முறை டெட்பேண்டைத் (நிகழ்வாகப் பதியத் தேவையான குறைந்தபட்ச மாற்ற அளவைத்) தாண்டுகிறது, இணைப்பு 8 மணி நேரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 × 12 × 8 = 3840 நிகழ்வுகள். பஃபர் 1000 என்று விடப்பட்டிருந்தால் அது மூன்றாவது மணி நேரத்திலேயே நிரம்பி வழியும். சாதனம் "பஃபர் நிரம்பியது" என்ற உள்குறியை உயர்த்தும். ஆனால் அனலாக் வெள்ளத்தில் பிரேக்கர் நிகழ்வுகள் அடித்துச் செல்லப்பட்டிருந்தால் அந்தக் குறியால் பயனில்லை. சரியான அமைப்பு: நிலை மாற்றங்களை வகுப்பு 1இல் தனிப் பஃபரோடு முழுமையாகச் சேமிக்கச் சொல்லுங்கள். அனலாக்கை வகுப்பு 2 அல்லது 3இல் வைத்து, "மிகச் சமீபத்திய மதிப்பு மட்டும்" என்ற முறையைத் தேருங்கள். பிறகு டெட்பேண்டைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து 0 என்று வரும் டெட்பேண்ட் ஒரு மெதுவான ரேடியோ வலையைத் தனியாளாக அடைத்துவிடும்.

கேட்காமலே அனுப்பும் வசதியும் டிஎன்பி3இன் பலம் என்பார்கள். ஒரு ரேடியோ அலைவரிசையை முப்பது கம்பங்கள் பகிரும்போது அது பலவீனமாகலாம். புயலில் ஒரு பீடர் விழுந்தால் முப்பதும் ஒரே நொடியில் பேசத் தொடங்கி, மோதி, திரும்ப முயன்று, மீண்டும் மோதும். பகிர்ந்த ரேடியோவில் போலிங்கே (மாஸ்டர் ஒவ்வொன்றாகக் கேட்பதே) மேல். தானாக அனுப்பத்தான் வேண்டும் என்றால் மறுமுயற்சிக்கு முன் ஒவ்வொரு ஆர்டியூவும் வெவ்வேறு நேரம் காத்திருக்கும்படி அமையுங்கள். செல்லுலார் இணைப்பில், ஒவ்வொரு ஆர்டியூவுக்கும் தனிப் பாதை இருப்பதால், தானாக அனுப்புவது நன்றாகவே வேலை செய்யும். "அமைத்தும் வரவில்லை" என்ற புகாருக்கு வழக்கமான காரணம், ஆர்டியூ மறுதொடக்கமான பிறகு மாஸ்டர் செயல்பாட்டுக் குறி 20ஐ அனுப்பி அந்த வசதியை இயக்காமல் விடுவது.

104இன் சிக்கல்கள் வேறு இடத்தில் இருக்கின்றன: டைமர்களில். இயல்பு மதிப்புகள் இணைப்புக்கு 30 வினாடி, ஒப்புகைக்காகக் காத்திருக்க 15, ஒப்புகை அனுப்ப 10, சும்மா இருக்கும்போது சோதனைச் செய்தி அனுப்ப 20. ஒப்புகை இல்லாமல் 12 செய்திகள் வரை அனுப்பலாம், பெறுபவர் 8 செய்திக்குள் ஒப்புகை தர வேண்டும். இவை ஃபைபரை மனதில் வைத்த எண்கள். செயற்கைக்கோள் பாதையிலோ நெரிசலான செல்லுலாரிலோ 15 வினாடி தாண்டினால் இணைப்பு தானே அறுந்துவிடும். மீண்டும் இணைந்து பொது விசாரணை நடக்கும். அந்தச் சுமையில் மீண்டும் தாமதமாகும், மீண்டும் அறும். இணைப்பு அடிக்கடி விழுந்து எழுந்தால் ரூட்டரைக் குறை சொல்லும் முன் இந்த எண்களைப் பாருங்கள். காத்திருப்பை உயர்த்தும்போது இரு முனையிலும் சேர்த்து உயர்த்துங்கள். ஒப்புகை அனுப்பும் நேரம் எப்போதும் காத்திருக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இரண்டு கட்டுப்பாட்டு மையங்கள் இருந்தால் 104இல் இன்னொரு பொறி உண்டு. ஒரு மீமிகைக் குழுவில் (ஒன்று போனால் மற்றொன்று என மாற்றாக வைத்த இணைப்புகளின் தொகுதியில்) பல இணைப்புகள் இருக்கலாம், ஆனால் ஒன்றில்தான் தரவு ஓடும். முதன்மை மையத்தையும் மாற்று மையத்தையும் ஒரே குழுவில் போட்டுவிட்டால், இருவரில் ஒருவருக்கு இணைப்பு உயிரோடு இருக்கும், தகவல் மட்டும் வராது. ஒவ்வொரு மையத்துக்கும் தனிக் குழு, தனி நிகழ்வு வரிசை என்று கேளுங்கள். ஒரு மையத்துக்குள் இருக்கும் இரண்டு சர்வர்களுக்குத்தான் ஒரே குழு.

நேரத்தில் ஒரு வேறுபாடு: 104இன் நேரக்குறியில் கோடைகால நேரம் என்ற ஒரு பிட் உண்டு, நேர மண்டலம் கிடையாது. எல்லாச் சாதனமும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓட வேண்டும் என்று ஒரே வரியில் முடிவு செய்யாவிட்டால், இரண்டு நிறுவனங்களின் ஆர்டியூக்கள் ஒரே நிகழ்வை மணிக்கணக்கில் தள்ளிக் காட்டும்.

கட்டளை விஷயத்தில் இரண்டுமே "தேர்ந்தெடு, பிறகு இயக்கு" என்ற இரு படி முறையைத் தருகின்றன. பிரேக்கருக்கு அதைத் தவிர வேறெதையும் ஏற்காதீர்கள். டிஎன்பி3இல் மாஸ்டர் "பிடித்து வை" என்ற வகைக் கட்டளை அனுப்ப, ஆர்டியூ ட்ரிப்/குளோஸ் துடிப்பை எதிர்பார்த்தால், நிலை 4, அதாவது "ஆதரவில்லை" என்ற பதில் வரும். பெரும்பாலான தொடக்கச் சோதனைகள் இங்கேதான் ஒரு நாளை இழக்கின்றன.

மெதுவான அல்லது நம்பகம் குறைந்த பாதை, சிதறிக் கிடக்கும் கம்பத்து ஆர்டியூக்கள் என்றால் டிஎன்பி3ஐ எடுங்கள். நிலையங்களுக்கெல்லாம் ஃபைபர் போய்ச் சேர்ந்திருக்கிறது, மையத்தின் மென்பொருளும் ஆட்களும் ஏற்கெனவே 104இல் பழகியவர்கள் என்றால் 104ஐ விட்டு மாற எந்தக் காரணமும் இல்லை. பழைய 101 நிலையங்கள் மிச்சமிருந்தால் அது 104க்குச் சாதகமான இன்னொரு புள்ளி, செய்தி வகைகள் அப்படியே ஒத்துப்போகும். அப்போது முகவரி நீளத்தைச் சரிபாருங்கள்: 101இல் காரணக் குறி 1 அல்லது 2 பைட், நிலைய முகவரி 1 அல்லது 2, தகவல் முகவரி 1 முதல் 3 வரை என்று மாறலாம். 104இல் அவை 2, 2, 3 என நிலையானவை.

நிலையத்துக்குள்: 61850 வேண்டுமா, எவ்வளவு வேண்டும்

ஐஇசி 61850ஐ ஒரு நெறிமுறை என்று சொல்வது அதைச் சுருக்கிவிடும். அதன் முதன்மைப் பங்களிப்பு தரவுக்குப் பெயர் வைத்தது. மோட்பஸில் பிரேக்கர் நிலை "ரெஜிஸ்டர் 30112, பிட் 3". 61850இல் பிரேக்கருக்கென்று ஒரு தருக்கக் கணு உண்டு, அதன் நிலைக்கு ஒரே பெயர், மதிப்போடு தரக்குறியும் நேரக்குறியும் ஒட்டியே வரும். எந்தத் தயாரிப்பாளரின் ரிலேயைத் திறந்தாலும் அதே பெயர். முழு நிலையத்தின் அமைப்பும் எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதப்படுகிறது.

அதற்குள் மூன்று தனிப் போக்குவரத்துகள் உள்ளன, மூன்றையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்பதில்லை. எம்எம்எஸ் என்பது ஸ்காடா (தொலைக் கண்காணிப்பு, கட்டுப்பாடு) வேலைக்கு, டிசிபி போர்ட் 102இல் ஓடும். கூஸ் என்பது ரிலேயிலிருந்து ரிலேக்கு வேகமாகப் போகும் செய்தி, நேராக ஈதர்நெட் மேல். சாம்பிள்டு வேல்யூஸ் என்பது மின்னோட்ட, மின்னழுத்த அலையையே எண்களாக அனுப்புவது.

எம்எம்எஸ் பற்றிய முடிவு எளிது: புதிய நிலையமென்றால் எடுங்கள். கவனிக்க வேண்டியது ரிப்போர்ட் கட்டுப்பாட்டுத் தொகுதிகளின் (ரிலே தகவல் அனுப்பும் தனித்தனித் தடங்களின்) எண்ணிக்கை. ஒவ்வொரு கிளையண்டும் (தகவல் பெறும் கணினியும்) தனக்கென ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கேட்வே (ஒரு நெறிமுறையை இன்னொன்றாக மாற்றித் தரும் கருவி), இரண்டு உள்ளூர்க் கணினி, ஒரு பொறியாளர் நிலையம் என்று ஐந்து கிளையண்டுகள் இருந்து, ரிலே நான்கைத்தான் தரும் என்றால், ஐந்தாவதாக எழுந்த கணினிக்கு எதுவும் வராது. எந்தக் கணினி கடைசியில் எழுகிறது என்பது ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் மாறும் என்பதால் இந்தக் கோளாறு இடம் மாறிக்கொண்டே இருக்கும். பஃபருள்ள ரிப்போர்ட்டுகளையே கேளுங்கள். அறுந்து இணைந்த பிறகு கடைசியாகப் பெற்ற பதிவின் அடையாளத்தை கிளையண்ட் திருப்பிச் சொன்னால், ரிலே அதற்கு அடுத்ததிலிருந்து அனுப்பும்.

கூஸ் பற்றித்தான் பெரிய வாதம். செம்புக் கம்பியில் ட்ரிப் அனுப்பினால் துணை ரிலேயின் தொடுமுனை மூடச் சில மில்லிவினாடி, பெறும் பக்கத்தின் உள்ளீட்டு வடிகட்டிக்கு இன்னும் சில. கூஸுக்கு, ட்ரிப் வகைச் செய்திகள் 3 மில்லிவினாடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதே தரநிலையின் எதிர்பார்ப்பு. வேகத்தைவிடப் பெரிய ஆதாயம் கண்காணிப்பு. கூஸ் செய்தி மாற்றமே இல்லாதபோதும் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் போகும். ஒவ்வொரு செய்தியிலும் "இவ்வளவு நேரத்துக்குள் அடுத்தது வரும்" என்ற எல்லை இருக்கும். வராவிட்டால் பெறும் ரிலே உடனே எச்சரிக்கும். செம்புக் கம்பியின் ஒரு முனை கழன்றிருந்தால், அது தேவைப்படும் நாள் வரை யாருக்கும் தெரியாது.

விலையும் உண்டு. செம்பில், சோதனைக்கு முன் டெர்மினல் இணைப்பைத் திறந்துவிட்டால் ட்ரிப் போகாது என்பது கண்ணுக்குத் தெரியும். கூஸில் அப்படித் திறந்து பார்க்க ஒன்றுமில்லை. இரண்டாம் பதிப்பில் சோதனை நிலை, பாவனைக் குறி (உண்மைச் செய்தி அல்ல என்று காட்டுவது) ஆகியவை தெளிவாக்கப்பட்டன. சோதனைக் கருவி பாவனைக் குறியோடு செய்தி அனுப்பும், பாவனைச் செய்தியை ஏற்கும்படி அமைத்த ரிலே மட்டும் அதை ஏற்கும். முதல் பதிப்பு ரிலேயும் இரண்டாம் பதிப்பு ரிலேயும் ஒரே பேயில் (ஒரு மின்தடத்துக்கான கருவிப் பகுதியில்) கலந்திருந்தால் இந்த ஏற்பாடு ஓட்டையாகிவிடும். பஸ்பார் பாதுகாப்பு, பிரேக்கர் தோல்விப் பாதுகாப்பு போன்ற, ஒரு தவறான ட்ரிப்பில் நிலையமே இருண்டுவிடும் திட்டங்களில் பதிப்புகளைக் கலக்காதீர்கள்.

கூஸ் வராமல் போவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் தவறாக அமைத்த ஸ்விட்சும் பொருந்தாத கோப்பும். விலேன் எண்ணை (ஒரே வலையைப் பகுதிகளாகப் பிரிக்கும் குறியை) ஒரு ட்ரங்க் போர்ட்டில் (ஸ்விட்சுகளை இணைக்கும் வாயிலில்) சேர்க்க மறப்பார்கள். ரிலேயின் தரவுத்தொகுப்பில் ஒரு சிக்னலைச் சேர்த்து, அமைப்புத் திருத்த எண் உயர்ந்துவிடும். பெறும் ரிலேக்களில் புதிய கோப்பை ஏற்றாததால் அவை பழைய எண்ணை எதிர்பார்த்துச் செய்தியை ஒதுக்கிவிடும். எந்தச் சிறு திருத்தத்தையும் தனி ரிலேயில் செய்யாமல், நிலையக் கோப்பில் செய்து, அங்கிருந்து எல்லாவற்றுக்கும் இறக்குவதுதான் ஒரே வழி. அந்தக் கோப்பை யார் வைத்திருக்கிறார்கள், யார் திருத்தலாம் என்பதற்கு நிறுவனத்தில் பதில் இல்லையென்றால், கூஸை இப்போதைக்கு உள்ளிணைப்புப் பூட்டுகளோடு (தவறான வரிசையில் இயக்குவதைத் தடுப்பவற்றோடு) நிறுத்திக்கொண்டு ட்ரிப்பைச் செம்பிலேயே வைப்பது நேர்மையான முடிவு.

சாம்பிள்டு வேல்யூஸ் எடுப்பதா என்பதற்கு என் பதில்: புதிதாகக் கட்டும் பெரிய நிலையத்தில் யோசிக்கலாம், பழைய நிலையத்தில் நல்ல நிலையில் மின்னோட்ட மின்மாற்றிகள் இருக்கும்போது வேண்டாம். பரவலான பாதுகாப்பு வடிவத்தில் ஒரு சுழற்சிக்கு 80 மாதிரிகள், 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 4000 பாக்கெட்டுகள், ஒரு ஸ்ட்ரீமுக்குச் சுமார் 5 மெகாபிட். 100 மெகாபிட் இணைப்பில் பத்துப் பன்னிரண்டு ஸ்ட்ரீமுக்கு மேல் ஏற்றினால் மற்றப் போக்குவரத்துக்கு மூச்சுவிட இடமிருக்காது. கிகாபிட் முதுகெலும்பு வேண்டும்.

அதைவிடக் கடினமானது நேரம். 50 ஹெர்ட்ஸில் 1 மில்லிவினாடிப் பிழை 18 பாகை கோணப் பிழை. வேறுபாட்டுப் பாதுகாப்பு அதை உண்மையான பழுதாகவே பார்க்கும். 1 மைக்ரோவினாடி என்றால் 0.018 பாகை, பொருட்படுத்த வேண்டியதில்லை. அதனால் இங்கே என்டிபி (வலைவழிச் சாதாரண நேர ஒத்திசைவு) போதாது, பிடிபி (அதைவிடத் துல்லியமானது) வேண்டும். 2016இல் வந்த ஐஇசி/ஐஇஇஇ 61850-9-3 தொகுப்பு, சுமார் 15 ஊடுருவு கடிகாரங்களைக் (தம்மால் வரும் தாமதத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் ஸ்விட்சுகளைக்) கடந்த பிறகும் 1 மைக்ரோவினாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பாதையில் இருக்கும் ஒவ்வொரு ஸ்விட்சும் அந்தத் தொகுப்பை ஆதரிக்க வேண்டும். நடுவில் ஒரு சாதாரண ஸ்விட்ச் நுழைந்தால் சுமை ஏறும்போது மட்டும் கடிகாரம் ஆடும், காரணம் கண்டுபிடிக்க வாரங்கள் ஆகும்.

வலையின் மீமிகை: ஆர்எஸ்டிபி, பிஆர்பி, ஹெச்எஸ்ஆர்

ஸ்காடா மட்டும் ஓடும் வலைக்கு ஆர்எஸ்டிபி வளையம் (பாதை அறுந்தால் ஸ்விட்சுகளே மாற்றுப் பாதைக்கு மாறும் முறை) போதும். அறுந்த பாதையைச் சுற்றி மாறச் சில பத்து மில்லிவினாடியோ அதற்கு மேலோ எடுக்கும், ஸ்காடாவுக்கு அது ஒன்றுமே இல்லை. ட்ரிப் கூஸும் மாதிரி ஸ்ட்ரீமும் ஓடும் இடத்தில் அந்த இடைவெளியை ஏற்க முடியாது. அங்கே ஐஇசி 62439-3 சொல்லும் இரு முறைகளில் ஒன்று வேண்டும்.

பிஆர்பி ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு தனி வலைகளில் ஒரே நேரத்தில் அனுப்புகிறது, முதலில் வந்ததைப் பெறுபவர் எடுத்துக்கொள்கிறார். மாறும் நேரம் சுழியம். ஸ்விட்சுகள் இரட்டிப்பாகும். பாக்கெட்டின் வாலில் 6 பைட் சேர்வதால், 1528 பைட் பாக்கெட்டை ஏற்காத பழைய ஸ்விட்சில் விசித்திரமான கோளாறு வரும்: பிங் போகும், கூஸ் போகும், பெரிய ரிப்போர்ட்டும் பதிவுக் கோப்புகளும் மட்டும் பாதியில் தொங்கும். இரு வலைகளையும் ஒரு பேட்ச் கம்பியால் தவறுதலாக இணைத்துவிடுவதும் அடிக்கடி நடப்பது. சாதனங்களில் "தவறான வலை" என்ற எண்ணி உண்டு, அதை ஸ்காடாவில் எச்சரிக்கையாகக் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு பாக்கெட்டையும் இரு திசையிலும் அனுப்பும் ஹெச்எஸ்ஆர் வளையத்துக்கு ஸ்விட்ச் தேவையில்லை, செலவு குறைவு. ஆனால் எல்லா ஸ்ட்ரீமும் வளையத்தின் ஒவ்வொரு துண்டிலும் ஓடும். ஒரு ரிலேயைப் பராமரிப்புக்குக் கழற்றினால் வளையம் திறந்துவிடும், அந்த நேரத்தில் இன்னொன்று விழுந்தால் ஒரு பகுதி தனித்துப்போகும். ஆறேழு பேயுள்ள சிறு நிலையத்துக்கு ஹெச்எஸ்ஆர் பொருந்தும். பெரியதற்குப் பிஆர்பியே.

சைபர் பாதுகாப்பு: நெறிமுறைக்குள்ளா, வெளியிலா

104இல் யார் கட்டளை அனுப்புகிறார் என்று சரிபார்க்கும் வழியே அடிப்படை வடிவில் இல்லை. 2016 டிசம்பரில் கீவ் நகரின் மின்வழங்கலைத் தாக்கிய இண்டஸ்ட்ராயர் தீநிரலில் 101, 104, 61850 ஆகியவற்றுக்குத் தனித்தனித் தொகுதிகள் இருந்தன. ஓட்டை எதையும் தேடாமல், நெறிமுறையின் சட்டப்படியே கட்டளை கொடுக்கும்படி அது எழுதப்பட்டிருந்தது. 2022இல் உக்ரைனில் பிடிபட்ட அதன் அடுத்த வடிவம் 104ஐ மட்டும் குறிவைத்தது.

தெரிவுகள் இரண்டு. ரூட்டருக்கு ரூட்டர் ஐபிசெக் சுரங்கம் (மறையாக்கப்பட்ட பாதை) அமைப்பது விரைவில் முடியும், பழைய ஆர்டியூக்களுக்கும் பொருந்தும். ஆனால் நிலையத்துக்குள் நுழைந்துவிட்டவரை அது தடுக்காது. ஐஇசி 62351 தொகுப்பின்படி சாதனத்திலிருந்து சாதனத்துக்கு டிஎல்எஸ் (சான்றிதழ் வழி மறையாக்கம்) ஓட்டுவது ஆழமானது, 104க்கு அப்போது போர்ட் 2404க்குப் பதில் 19998. அதற்குச் சான்றிதழ் வழங்கி, புதுப்பித்து, ரத்து செய்யும் ஏற்பாடு வேண்டும். ஒரே நாளில் வழங்கிய நூறு சான்றிதழ்கள் ஒரே நாளில் காலாவதியானால் நூறு நிலையங்களும் மையத்தின் திரையில் ஒன்றாக இருளும். காலாவதித் தேதிகளைச் சிதறடித்து, 90 நாள் முன்னெச்சரிக்கை வையுங்கள். ஆர்டியூவின் கடிகாரம் பேட்டரி தீர்ந்து 1970க்குத் திரும்பினால் சான்றிதழ் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என்று நிராகரிக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். சுரங்கத்தை இன்றே போடுங்கள். டிஎல்எஸ் ஆதரவைப் புதிதாக வாங்கும் ஒவ்வொரு சாதனத்திலும் கேளுங்கள், சான்றிதழ் நிர்வாகம் தயாரானதும் இயக்குங்கள்.

கேட்வேயில் தொலையும் உண்மை

மேலே சொன்னபடி முடிவெடுத்தால் பேனலில் மோட்பஸ், நிலையத்தில் 61850, மையத்துக்கு டிஎன்பி3 அல்லது 104 என்று அமையும். இவற்றுக்கு நடுவில் கேட்வே உட்காரும். தகவல் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ரிலே தந்த நேரக்குறியை நீக்கிவிட்டுத் தன் நேரத்தைப் போடும் கேட்வேக்கள் உண்டு. இடைநிலை, திறந்தது, மூடியது, தவறானது என்ற நான்கு நிலைகளை இரண்டாகச் சுருக்கி, நடுவில் நின்றுபோன பிரித்தியை (ஐசொலேட்டரை) "திறந்தது" என்று காட்டுபவையும் உண்டு. எல்லாவற்றிலும் ஆபத்தானது, ரிலேயோடு தொடர்பு போன பிறகும் கடைசி மதிப்பை "நல்லது" என்ற தரக்குறியோடே அனுப்பிக்கொண்டிருப்பது. திரையில் பிரேக்கர் திறந்திருக்கும், கம்பியில் மின்சாரம் ஓடும். அதை நம்பி ஒருவர் எர்த் போட (கம்பியைத் தரையோடு இணைக்க) போவார்.

ஆகவே ஏற்புச் சோதனையில் மற்ற எதைக் குறைத்தாலும் இவற்றைக் குறைக்காதீர்கள். ரிலேயின் கம்பியைப் பிடுங்குங்கள், மையத்தின் திரையில் அந்த ரிலேயின் எல்லாப் புள்ளிகளும் எத்தனை வினாடியில் "செல்லாது" என்று மாறுகின்றன என்று அளவிடுங்கள். மையத்துக்கான இணைப்பை ஒரு மணி நேரம் துண்டித்து, அந்த நேரத்தில் ரிலே உள்ளீடுகளில் எண்ணி 200 மாற்றங்களைக் கொடுத்து, இணைந்த பிறகு 200உம் வரிசை மாறாமல், ரிலேயின் சொந்த நேரத்தோடு வருகிறதா பாருங்கள். எல்லா பேயும் ஒரே வினாடியில் மாறும் வெள்ளச் சோதனையை நடத்தி, அதே நேரத்தில் ஒரு கட்டளை அனுப்பி அது எவ்வளவு தாமதமாகிறது என்று குறியுங்கள். இணைப்பு துண்டித்திருக்கும்போதே கேட்வேயை அணைத்து ஏற்றி, சேமித்த நிகழ்வுகள் பிழைக்கின்றனவா என்பதையும் பாருங்கள். பல கேட்வேக்கள் அவற்றை நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கும். நிலையான சேமிப்பு வேண்டுமென்றால் அதை ஒப்பந்தப்புள்ளியில் தனி வரியாக எழுத வேண்டும், அதே பட்டியலில் நிலையக் கோப்பின் இறுதிப் பதிப்பு, ஸ்விட்ச் அமைப்புகள், புள்ளி அட்டவணை, அமைப்பு மென்பொருளின் உரிமம் ஆகியவையும் ஒப்படைப்புப் பொருள்களாக இடம்பெற வேண்டும்.